முகநரம்பின் காந்தத் தூண்டல் துலங்கலை வயதறிந்து அளப்பது எப்படி?

முகநரம்பைக் காந்தத் துடிப்பால் தூண்டி, முகத்தசையில் அதற்குத் துலங்கலாக எழும் மின் அலையைப் பதிவு செய்யும் சோதனை மூன்று செய்திகளைத் தருகிறது. துடிப்புக்கும் அலையின் தொடக்கத்துக்கும் இடையே கழிந்த தாமதம் எவ்வளவு, அலையின் வீச்சு எவ்வளவு, அந்த அலையை எழுப்ப எவ்வளவு வலிமையான துடிப்பு தேவைப்பட்டது என்பவையே அவை. இம்மூன்றும் பச்சிளங்குழந்தையிடமும் முப்பது வயதினரிடமும் எண்பது வயதினரிடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வயதைக் கணக்கில் கொள்ளாமல் பதிவைப் படிப்பவர் முதுமையின் இயல்பை நோய் என்று எழுதிவிடலாம். அல்லது உண்மையான நரம்புப் பாதிப்பை "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று கடந்துவிடலாம். இவற்றில் இரண்டாவதே நோயாளிக்கு அதிகக் கேடு செய்வது என்பதால், அதைத் தவிர்ப்பதையே இக்கட்டுரை முதன்மையாகக் கொண்டிருக்கிறது.

சோதனை மேசைக்குச் செல்லுமுன் மனத்தில் இருத்த வேண்டிய உண்மை ஒன்று உண்டு. முகநரம்பு நீளம் குறைந்த நரம்பு. ஆகவே வயதால் அதன் தாமதத்தில் ஏற்படும் மாற்றம் ஒரு மில்லி விநாடியின் சிறு பின்னமாகவே இருக்கும். வீச்சில் ஏற்படும் மாற்றம் அதைவிடத் தெளிவாகத் தெரியும். ஆனால் ஆரோக்கியமான நரம்பில் முதுமை மட்டுமே காரணமாகத் துலங்கல் முற்றிலும் மறைந்துபோவதை எதிர்பார்க்கக் கூடாது. வயது அலையைச் சிறிதாக்கும், இல்லாமல் ஆக்காது.

எந்த இடத்தைத் தூண்டுகிறோம்

மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் காட்டினார். அந்த விதியைக் கொண்டு, மண்டையோட்டைத் திறக்காமலும் வலியின்றியும் மனித மூளையில் தசைகளை இயக்கும் மேற்பரப்பான இயக்கப் புறணியைத் தூண்ட முடியும் என்று ஷெஃபீல்டைச் சேர்ந்த அந்தோனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் 1985இல் வெளியிட்டனர். இதற்காகத் தலையருகே வைக்கும் கம்பிச் சுருளில் பாயும் மின்னோட்டம் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரமே நீடிக்கிறது. அதனால் எழும் காந்தப்புலத்தின் உச்சம் ஏறத்தாழ 1.5 முதல் 2 டெஸ்லா வரை இருக்கும். எலும்பு இப்புலத்தைத் தடுப்பதில்லை. இதனால்தான் பொட்டெலும்புக்குள் புதைந்து கிடக்கும் முகநரம்பை வெளியிலிருந்தே எட்ட முடிகிறது.

சுருளைக் காதுக்குப் பின்னும் மேலுமாக, தூண்ட விரும்பும் நரம்பு இருக்கும் அதே பக்கத்தில் வைத்தால், நரம்பு மூளைத்தண்டை விட்டு வெளிவரும் இடத்தில் கிளர்வதில்லை. மூளைத் தண்டுவட நீரில் மிதந்து வரும் நரம்பு, எலும்புக் கால்வாய்க்குள் நுழையும் வாயிலை ஒட்டியே கிளர்கிறது. நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும், எலும்பு மிகக் குறைவாகவே கடத்தும். இந்த எல்லையில் தூண்டப்பட்ட மின்புலம் திடீரென மாறுவதால் நரம்பிழைகள் அங்கே எளிதில் கிளர்கின்றன. அங்கிருந்து புறப்படும் கிளர்ச்சி மூக்கோரத் தசையை அடைய, வளர்ந்து முதிர்ந்தவர்களிடம் ஏறத்தாழ 5 மில்லி விநாடி ஆகிறது. காதுமடலுக்குக் கீழே, நரம்பு எலும்பை விட்டு வெளிவரும் துளையருகே மின்சாரத்தால் தூண்டினால் அதே தசையில் 3 முதல் 4 மில்லி விநாடிக்குள் அலை எழும். இரண்டுக்கும் இடையிலான சற்றேறக்குறைய 1.2 மில்லி விநாடி, நரம்பு எலும்பைக் கடந்து வர எடுத்துக்கொள்ளும் காலம். எதிர்ப்பக்க மூளைப் புறணியைத் தூண்டினால் 10 அல்லது 11 மில்லி விநாடியில் அலை எழும்; அதிலிருந்து கால்வாய்த் தாமதத்தைக் கழித்தால், புறணியிலிருந்து கால்வாய் வாயில் வரையிலான மையப் பாதையின் கடத்தல் காலம் கிடைக்கும்.

ஆகவே புறணி, கால்வாய் வாயில், காதின் கீழ்ப்பகுதி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் அலையைப் பெற்றால்தான், வயதின் தாக்கம் பாதையின் எந்தப் பகுதியில் விழுந்திருக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியும். கால்வாய் அலையை மட்டும் பதிவு செய்துவிட்டு நிறுத்திக்கொள்வது அரைச் சோதனைதான்.

வயது செய்யும் மாற்றங்கள்

பிறந்த குழந்தையின் புறநரம்புகளில், நரம்பிழையைச் சூழ்ந்து கடத்தலை விரைவாக்கும் மையலின் உறை இன்னும் மெல்லியதாக இருப்பதால், கடத்தல் வேகம் முதிர்ந்தவர்களின் வேகத்தில் ஏறத்தாழப் பாதியாகவே இருக்கிறது. 3 முதல் 5 வயதுக்குள் அது முதிர்ந்தோர் அளவை எட்டிவிடும். முகநரம்பில் இந்தக் கணக்கைச் சிக்கலாக்குவது தலையின் வளர்ச்சி. உட்செவியும் அதைச் சூழ்ந்த எலும்பும் பிறக்கும்போதே ஏறத்தாழ முழு அளவை அடைந்திருக்கின்றன. எனவே கால்வாயின் தொடக்கப் பகுதி பிறகு பெரிதாக நீள்வதில்லை. காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பு முனையோ பிறந்த பிறகுதான் உருவாகத் தொடங்குகிறது. அது வளர வளரக் கால்வாயின் இறுதிப் பகுதி நீள்கிறது, முகமும் விரிகிறது. குழந்தையிடம் வேகம் குறைவு, தூரமும் குறைவு. வளரும்போது இரண்டும் சேர்ந்தே கூடுகின்றன. இதனால் தாமதம் குழந்தைப் பருவத்தில் எதிர்பார்க்கும் அளவுக்கு மாறாமல் இருப்பதுபோல் தோன்றலாம். அதைக் கண்டு நரம்பு முதிர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

மாஸ்டாய்டு முனை இல்லாத பச்சிளங்குழந்தையிடம் நரம்பு வெளிவரும் துளை தோலுக்கு மிக அருகில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். முதிர்ந்தவர்களிடம் மின்தூண்டல் கொடுக்கும் இடத்தை எலும்பு முனையைத் தடவிக் கண்டறியும் பழக்கம் இங்கே பயன்படாது. மிகக் குறைந்த மின்னோட்டத்திலேயே நரம்பு கிளர்ந்துவிடும்.

மையப் பாதை வேறு கால அட்டவணையில் முதிர்கிறது. கைத்தசைகளில் செய்யப்பட்ட அளவீடுகளின்படி மையக் கடத்தல் காலம் முதல் இரண்டு ஆண்டுகளில் விரைவாகக் குறைந்து, அதன் பிறகு உடல் வளர்ந்தாலும் ஏறத்தாழ நிலையாக நிற்கிறது. தூரம் கூடும் அளவுக்கு வேகமும் கூடிக்கொண்டே வருவதே இதற்குக் காரணம். புறணியைக் கிளர்த்தத் தேவையான குறைந்தபட்சத் துடிப்பு வலிமையோ சிறு குழந்தைகளிடம் மிக உயர்ந்து, வளரிளம் பருவத்தை நெருங்கும்போதுதான் முதிர்ந்தோர் அளவுக்கு இறங்குகிறது. தசை தளர்ந்த நிலையில் இருக்கும் சிறு குழந்தையிடம் புறணி அலை கிடைக்காமல் போனால் அது பெரும்பாலும் இயல்பே. கால்வாய் அலை கிடைக்காமல் போவது அப்படி அன்று.

முதுமையில் படம் மாறுகிறது. கை, கால் நரம்புகளில் கடத்தல் வேகம் பத்தாண்டுக்கு ஏறத்தாழ விநாடிக்கு 1 முதல் 2 மீட்டர் வரை குறைகிறது. இக்குறைவு அறுபதுக்குப் பிறகு தெளிவாகத் தெரிகிறது. தடித்த நரம்பிழைகளில் சில அழிகின்றன, சில மெலிகின்றன. மையலின் உறை சிதைந்து மீண்டும் உருவாகும் இடங்களில் உறையில் விட்டுவிட்டு வரும் இடைவெளிகளான ரான்வியர் கணுக்களுக்கு இடையிலான தூரம் சுருங்குகிறது. இயக்க நரம்பணுக்கள் குறைய, எஞ்சிய நரம்பிழைகள் கிளைவிட்டு, துணையிழந்த தசையிழைகளைத் தமதாக்கிக்கொள்கின்றன. தசையும் மெலிகிறது. இவற்றின் கூட்டு விளைவாக அலையின் வீச்சு தாழ்கிறது. எல்லா இழைகளும் ஒரே வேளையில் தசையை எட்டாததால் அலை சற்று அகலமாகிறது. ஓர் இழையின் அலை மேடும் இன்னொன்றின் பள்ளமும் ஒன்றையொன்று அழிப்பதால் வீச்சு, இழந்த இழைகளின் விகிதத்தைவிட அதிகமாகக் குறைந்து காட்டும். ஆதலால் அறுபது வயதைக் கடந்தவர்களின் பதிவில் வீச்சோடு அலையின் பரப்பையும் அளந்து குறிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூளைச் சுருக்கமும் இங்கே கவனத்துக்குரியது. வயதாக ஆக மூளை சற்றே சுருங்க, மண்டையோட்டுக்கும் புறணிக்கும் இடையிலான இடைவெளி கூடுகிறது. சுருளின் புலம் தூரத்தோடு விரைவாக வலுவிழப்பதால் புறணியைக் கிளர்த்தக் கூடுதல் வலிமை தேவைப்படலாம். முகநரம்போ எலும்பில் பதிந்த கால்வாயில் நிலையாக இருப்பதால், சுருளுக்கும் கால்வாய் வாயிலுக்கும் உள்ள தூரம் மூளைச் சுருக்கத்தால் மாறுவதில்லை. முதியவரிடம் புறணி அலைக்கான தொடக்க வலிமை உயர்ந்து, கால்வாய் அலைக்கான வலிமை இயல்பாக இருந்தால், அந்த வேறுபாட்டை நரம்பு நோய் என்று படிக்க வேண்டியதில்லை.

ஒரு சிறு கணக்கு

கால்வாய் வாயிலிலிருந்து தசை வரை 120 மில்லிமீட்டர் என்றும் வேகம் விநாடிக்கு 50 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். பயண நேரம் 2.4 மில்லி விநாடி. மீதி நேரம் மெல்லிய நரம்பு நுனிகளிலும் நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்திலும் செலவாகிறது. வயதால் வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்து 45 மீட்டரானால் பயண நேரம் 2.67 மில்லி விநாடியாகும், வேறுபாடு 0.27 மட்டுமே. இதே பத்து விழுக்காடு, 800 மில்லிமீட்டர் நீளமுள்ள கால் நரம்பில் 16 மில்லி விநாடியை 17.8 ஆக்கிவிடும். கால் நரம்பில் யாருக்கும் புலப்படும் மாற்றம் முகநரம்பில் அளவுகோலின் பிழைக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது.

இக்கணக்கிலிருந்து கருவி பற்றிய விதி ஒன்று பிறக்கிறது. பதிவுக்கருவி விநாடிக்கு 5,000 முறை மட்டுமே மாதிரி எடுத்தால், அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே 0.2 மில்லி விநாடி இடைவெளி விழும். பல பத்தாண்டுகளின் முதுமை அந்த ஒரே இடைவெளிக்குள் அடங்கிவிடும். குறைந்தது 20,000 மாதிரிகளாவது வேண்டும், அப்போதுதான் 0.05 மில்லி விநாடி வரை பிரித்தறிய முடியும்.

சோதனைக்கு உட்படுபவரை ஆயத்தம் செய்தல்

காந்தத் துடிப்பு மின்னணு உறுப்புகளைப் பழுதாக்கக் கூடும், உலோகத்தை நகர்த்தவோ சூடாக்கவோ கூடும். பேஸ்மேக்கர், காக்ளியர் இம்ப்ளான்ட், மூளையில் பதித்த தூண்டு கருவி, தலைக்குள் உலோகக் கிளிப் ஆகியவற்றில் எதுவும் உண்டா என்று கேட்டு, எழுத்தில் பதிவு செய்த பிறகே சுருளைக் கையில் எடுக்க வேண்டும். வலிப்பு வந்ததுண்டா என்பதையும் கேட்க வேண்டும். ஒற்றைத் துடிப்பால் வலிப்பு வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்றாலும், புறணியைத் தூண்டும் பகுதியை மருத்துவரின் ஒப்புதலின்றிச் செய்யக் கூடாது. இத்தகைய உறுப்புகள் பொருத்தப்பட்டவர்கள் முதியவர்களிடையே அதிகம் என்பதால், கேள்வித்தாளை நிரப்பச் சொல்லிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல், ஒவ்வொன்றையும் வாய்விட்டுக் கேட்டு விடை பெறுங்கள். செவிப்புலன் குறைந்தவர் கேள்வி புரியாமலேயே "இல்லை" என்று தலையசைத்துவிடக் கூடும்.

காதுகேட்கும் கருவி, மூக்குக்கண்ணாடி, தோடு, கொண்டையூசி, கழற்றக்கூடிய பல்செட் ஆகியவற்றை அகற்றச் சொல்லுங்கள். சுருளில் துடிப்பு பாயும்போது எழும் ஒலி உரத்தது. சுருளோ காதை ஒட்டியே இருக்கும். ஒவ்வொருவருக்கும் காதடைப்பான் கட்டாயம். குழந்தைகளுக்கு அவர்களுடைய காதளவுக்கு ஏற்ற அடைப்பான் வேண்டும். அது கிடைக்காவிட்டால் சோதனையைத் தள்ளிவைப்பதே சரி.

பதிவின் மீது தாக்கம் செலுத்தும் வேறு சில விவரங்களும் கேட்கப்பட வேண்டியவை. சர்க்கரை நோய், வைட்டமின் பி12 குறைபாடு, முன்பு வந்து சரியான முகவாதம், உமிழ்நீர்ச் சுரப்பியில் நடந்த அறுவை, முகத்தில் போட்டுக்கொண்ட போட்டுலினம் நச்சு ஊசி ஆகியவை அவை. கடைசியில் சொன்னதை மருத்துவச் செய்தியாகவே பலர் கருதுவதில்லை; சுருக்கம் நீக்க ஊசி போட்டதுண்டா என்று நேராகக் கேட்டால்தான் தெரியவரும். அந்த ஊசி, நரம்பு நலமாக இருக்கும்போதே அலையின் வீச்சைப் பல வாரங்களுக்குத் தாழ்த்தி வைக்கும்.

பதிவு செய்யும் முறை

முதல் மின்முனையை மூக்கின் பக்கவாட்டிலுள்ள தசை மீதும், ஒப்பீட்டு மின்முனையை எதிர்ப்பக்க மூக்கோரத்திலும், புவித்தொடர்பு மின்முனையை முகவாயிலும் ஒட்டுங்கள். உதட்டைச் சுற்றிய தசையையும் பயன்படுத்தலாம். ஆனால் நடுக்கோட்டருகே எதிர்ப்பக்கத் தசையின் அலையும் அதில் கலக்கும். மூக்கோரத் தசையில் அலையின் தொடக்கம் கூர்மையாக வருவதால், பின்னங்களை அளக்கும் இவ்வேலைக்கு அதையே முதல் தேர்வாக நான் பரிந்துரைக்கிறேன். முதியவர்களின் உலர்ந்த தோலை மெல்லத் தேய்த்துத் துடைத்து, சுருக்கங்களை விரல்களால் விரித்துப் பிடித்து, மின்முனை தசையின் மேட்டின் மீதே அமரும்படி ஒட்ட வேண்டும். மடிப்புக்குள் அமர்ந்த மின்முனை நகர்ந்துவிட்டால் வீச்சு குறையும். அந்தக் குறைவு வயதின் கணக்கில் ஏறிவிடும். மின்கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, சுருளிலிருந்து விலக்கி வையுங்கள். இல்லையெனில் துடிப்பின் எதிரொலி பதிவின் முதல் சில மில்லி விநாடிகளை மூடிவிடும்.

எந்த அதிர்வெண்கள் பதிவாக வேண்டும் என்று வரையறுக்கும் வடிகட்டி அமைப்பை எல்லா வயதினருக்கும் ஒன்றாகவே வைத்திருங்கள். 20 ஹெர்ட்ஸ் முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை என்பது பலரும் பின்பற்றும் அமைப்பு. கீழ் எல்லையை உயர்த்தினால் அலை குறுகிச் சிறுக்கும். ஒரு வயதுக் குழுவை ஓர் அமைப்பிலும் இன்னொன்றை வேறு அமைப்பிலும் பதிவு செய்தவர் கண்டுபிடிப்பது வயதை அன்று, வடிகட்டியை.

தோலின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நரம்பு மெதுவாகக் கடத்தும். முகம் கைகால்களைப்போல் எளிதில் குளிர்வதில்லை என்றாலும், குளிரூட்டிய அறையில் காத்திருந்த முதியவரின் முகத்தைச் சூடேற்றாமல் அளந்தால், ஏற்கெனவே சிறியதாக இருக்கும் வயது வேறுபாட்டோடு குளிரின் தாமதமும் சேர்ந்துவிடும்.

முதலில் காதுக்குக் கீழே மின்தூண்டல் கொடுத்து, மின்னோட்டத்தைக் கூட்டினாலும் அலை மேலும் பெரிதாகாத நிலையை எட்டுங்கள். அந்த அலையே அடுத்துவரும் எல்லாவற்றுக்கும் ஒப்பீடு. பிறகு சராசரி விட்டம் ஏறத்தாழ 9 செ.மீ. உள்ள வட்டச் சுருளைக் காதுக்குப் பின்னும் மேலும் தலையோடு ஒட்டி வைத்து, கருவித்திறனின் 30 விழுக்காட்டிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். ஒவ்வொரு நிலையிலும் சுருளைச் சற்றே முன்னும் பின்னும் நகர்த்தி, மிகப் பெரிய அலை கிடைக்கும் இடத்தைத் தேட வேண்டும். வலிமையைக் கூட்டும்போது அலை பெரிதாக வேண்டும், தாமதமோ அப்படியே நிற்க வேண்டும்; இதுதான் நரம்பு கால்வாய் வாயிலில் கிளர்கிறது என்பதற்குச் சான்று. தாமதம் திடீரென ஒரு மில்லி விநாடி அளவுக்குக் குறைந்தால், சுருள் கீழே சரிந்து எலும்புக்கு வெளியே உள்ள நரம்பைத் தூண்டுகிறது என்று அறிந்து அதை மேலே ஏற்றுங்கள். மறுபக்கம் செல்லும்போது சுருளைத் திருப்பிப் பிடித்து, மின்னோட்டத்தின் திசை கண்ணாடிப் பிம்பம்போல் அமையும்படி செய்ய வேண்டும். இதைச் செய்யாவிட்டால், நலமான முகத்திலும் இரு பக்கங்களும் வேறுபட்டு நிற்கும்.

குழந்தையின் தலைக்கு இந்தச் சுருள் பெரிது. அதன் புலம் எதிர்ப்பக்க நரம்பையும் எட்டக் கூடும். சிறிய சுருள் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் இரு பக்கத் தசைகளிலும் ஒரே வேளையில் பதிவு செய்து, எந்தப் பக்கம் கிளர்ந்தது என்று உறுதி செய்யுங்கள். புறணி அலையைப் பெற, முதிர்ந்தவரை உதடுகளை மெல்லக் குவிக்கச் சொன்னால் போதும். தசை சற்று இயங்கும்போது அலை எளிதில் எழும். சொல்வதைப் பின்பற்ற முடியாத கைக்குழந்தையிடம் பால் சப்பும் நேரமே அதற்குத் தக்க வேளை.

அலையைப் படித்தல்

சுருள் முகநரம்பை மட்டும் தூண்டுவதில்லை. மெல்லும் தசைகளை இயக்கும், அருகிலுள்ள மூவிணை நரம்பின் இயக்க வேரும் கிளர்ந்து, அத்தசையில் ஏறத்தாழ 2 மில்லி விநாடியில் அலை எழும். அதன் நிழல் மூக்கோரத்தில் சிறிய நேர்முனை மேடாகத் தெரியும். அதையே முகநரம்பு அலையின் தொடக்கம் என்று குறித்தால் தாமதம் பொய்யாகக் குறைந்துவிடும். முதியவரிடம் முகத்தசை மெலிந்து, மெல்லும் தசை வலுவாக இருந்தால் இந்த நிழல் இன்னும் எடுப்பாகத் தெரியும். கூர்மையாக எழும் எதிர்முனைச் சரிவின் தொடக்கத்தையே குறியுங்கள். வீச்சு சிறியதாக இருக்கும் பதிவில், திரையின் உணர்திறனை உயர்த்திய பிறகே குறி வைக்க வேண்டும். குறைந்த உணர்திறனில் தொடக்கம் பின்தள்ளிப் போய்த் தெரியும். இளைஞரையும் முதியவரையும் வெவ்வேறு உணர்திறனில் குறித்துவிட்டு வயதால் தாமதம் கூடியது என்று சொல்வது, இத்துறையில் எளிதாக நேரும் பிழை.

கண்ணைச் சுற்றிய தசையில் பதிவு செய்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. துடிப்பு தோலுணர்ச்சி நரம்புகளையும் தொடுவதால் இமைப்பு அனிச்சை எழும். அதன் முதல் பகுதி 10 மில்லி விநாடியை ஒட்டியே வரும். புறணி அலையும் அதே நேரத்தில் வருவதால் இரண்டையும் பிரிப்பது கடினம். புறணிச் சோதனைக்கு முகத்தின் கீழ்ப்பாதித் தசைகளையே நாடுவது இதனால்தான்.

சொந்த ஒப்பீட்டு அட்டவணை

பிறர் வெளியிட்ட இயல்பளவுகள் வேறு சுருளில், வேறு மின்முனைகளில் பெறப்பட்டவை. தாமதத்தை ஓரளவு கடன் வாங்கலாம். வீச்சைக் கடன் வாங்க முடியாது. ஒவ்வொரு சோதனைக்கூடமும் தன் அட்டவணையைத் தானே கட்டுவது நல்லது. அப்படிக் கட்டும்போது ஒரே நபரின் இடமும் வலமும் இரண்டு நபர்கள் ஆகமாட்டா. இரண்டின் சராசரியையோ ஒரு பக்கத்தை மட்டுமோ எடுத்துக்கொள்ள வேண்டும். வீச்சின் பரவல் ஒருபக்கம் சாய்ந்திருப்பதால் சராசரியும் திட்ட விலக்கமும் ஏமாற்றும். மடக்கை எடுத்தோ நூற்றுமானத்தைக் கொண்டோ எல்லையைக் குறியுங்கள். வயதின் போக்கு நேர்கோடும் அன்று: முதல் சில ஆண்டுகளில் செங்குத்தாக மாறி, நடுவயதில் ஏறத்தாழத் தட்டையாகி, முதுமையில் மெல்லச் சரிகிறது. ஆறு மாதக் குழந்தை முதல் எண்பது வயது வரை எல்லோரையும் ஒரே கோட்டில் பொருத்தினால், அந்தக் கோடு எந்த வயதுக்கும் பொருந்தாது. கை நரம்புக்கு உயரத்தைக் கேட்பதுபோல், இங்கே தலையின் சுற்றளவைக் குறித்துக்கொள்வது பயன் தரும்.

முதியவர்களைத் தேர்வதில்தான் அதிகக் கவனம் வேண்டும். தாமாக முன்வரும் முதியவர்கள் பெரும்பாலும் தங்கள் வயதினரில் மிக நலமானவர்கள். அவர்களைக் கொண்டு வரைந்த எல்லை, சராசரி முதியவரை நோயாளியாக்கும். மருத்துவமனைக்கு வருபவர்களையே சேர்த்தால், அறியப்படாத சர்க்கரை நோய் நரம்புப் பாதிப்பு இயல்பளவுக்குள் புகுந்து, உண்மையான நோயை மறைத்துவிடும். இரத்தச் சர்க்கரையை அளந்து பார்த்த பிறகே சேர்ப்பது ஓரளவு காக்கும்.

நோயாளியிடம் பயன்படுத்துதல்

பெல் வாதம் எனப்படும் திடீர் முகவாதத்தில் நரம்பு வீங்கி, கால்வாயின் மிகக் குறுகிய தொடக்கப் பகுதியில் நெரிபடுகிறது. காதுக்குக் கீழே தரும் மின்தூண்டல் நெரிசலைத் தாண்டிய பகுதியைச் சோதிப்பதால் முதல் சில நாட்களுக்கு இயல்பாகவே இருக்கும். இழைகள் அழிந்து, அழிவு கீழே இறங்கி வந்த பிறகுதான் அந்த அலை வீழும். கால்வாய்க் காந்தத் தூண்டலோ முதல் நாட்களிலேயே மறைகிறது அல்லது வெகுவாகக் குன்றுகிறது. மூளைத்தண்டுக்கு மேலே ஏற்பட்ட பக்கவாதத்தில் அது நலமாக நிற்கும். இந்த வேறுபாடே இச்சோதனையின் பெரும் பயன். கால்வாய் அலை மறைந்திருப்பது மட்டுமே தீய முன்குறி ஆகாது என்பதை நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் சொல்லுங்கள். முகம் அசையத் தொடங்கிய பிறகும் அது சில காலம் திரும்பாமல் இருக்கலாம். தொடக்க நாட்களில் அது எஞ்சியிருந்தால் நல்ல அறிகுறி.

ஒருபக்க நோயில் முதல் ஒப்பீடு நோயாளியின் மறுபக்கமே. எழுபது வயதினர் ஒருவருக்கு நலமான பக்கத்தில் வீச்சு 1.2 மில்லிவோல்ட் என்றும், வாதமுற்ற பக்கத்தில் 0.3 என்றும் வைத்துக்கொள்வோம். அட்டவணையை மட்டும் பார்த்தால் 1.2 என்பதே தாழ்வாகத் தோன்றலாம், 0.3 முதுமையின் கடைசி எல்லையை ஒட்டியதாகவும் தோன்றலாம். அவருடைய சொந்த நரம்பை அளவுகோலாகக் கொண்டால், நான்கில் மூன்று பங்கு துலங்கல் இழந்தது ஐயமின்றித் தெரிகிறது. வயது இரு பக்கங்களையும் ஏறத்தாழச் சமமாகவே தேய்க்கிறது. ஆகவே இரு பக்கங்களுக்கும் இடையே தாமதத்தில் அரை மில்லி விநாடிக்கு மேலோ, வீச்சில் பாதிக்கு மேலோ வேறுபாடு இருந்தால் அதற்கு வயதைக் காரணம் காட்ட வேண்டாம்.

இருபக்கமும் பாதிக்கும் நோய்களில் இந்த வழி அடைபடுகிறது. உடலின் தற்காப்பே நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோய், உண்ணிக்கடியால் வரும் லைம் நோய், சர்க்கரை நோயின் நரம்புப் பாதிப்பு ஆகியவற்றில் நலமான பக்கம் என்று ஒன்று இல்லாமல் போகலாம். வயதுவாரி அட்டவணை அங்கேதான் இன்றியமையாததாகிறது. அப்போதும் ஒரே நபருக்குள் செய்யும் ஒப்பீட்டைக் கைவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கால்வாய் அலையின் வீச்சை, காதுக்குக் கீழே பெற்ற அலையின் வீச்சால் வகுத்துப் பாருங்கள். தசை மெலிவும் தோல் சுருக்கமும் இரண்டு அலைகளையும் ஒரே விதமாகத் தாழ்த்துவதால், அந்த விகிதத்தில் வயதின் சாயல் மிகக் குறைவு. விகிதம் வீழ்ந்திருந்தால் எலும்புக்குள் கடத்தல் தடைபட்டிருக்கிறது என்று பொருள். முதியவரின் பதிவில் நான் முதலில் தேடும் எண் இதுவே.

அறிக்கை எழுதும்போது நோயாளியின் வயதோடு, குறைமாதக் குழந்தையாயின் கருவுற்றதிலிருந்து கணக்கிட்ட வாரங்களையும், சுருளின் அளவையும், பயன்படுத்திய வலிமையையும், தோலின் வெப்பநிலையையும், மூன்று இடங்களிலிருந்து பெற்ற தாமதங்களையும், வீச்சு, பரப்பு, விகிதம் ஆகியவற்றையும் குறியுங்கள். ஒப்பீட்டுக் குழுவின் வயது எல்லையையும் அதே தாளில் எழுத வேண்டும். நோயாளி அந்தக் குழுவின் மிக மூத்தவரைவிடவும் மூத்தவராக இருந்தால், "இவ்வயதுக்கு இயல்பு" என்ற சொற்களை எழுதாமல், பக்க ஒப்பீட்டையும் விகிதத்தையும் மட்டுமே முடிவாகக் கொடுங்கள்.